நாய்கள் எல்லாம் பாஸ்

சக்கரத்தைக் கண்டுபிடித்தவர் யாரென்று தெரியாது. பூஜ்யத்தைப் பற்றி இன்னும் சண்டை ஓய்ந்தபாடில்லை. ஆனால் நாய்களுக்குப் 'பாம்புக் கல்வி' வழங்கிய பெருமை, பெங்களூரு எலெக்ட்ரானிக் சிட்டியில் உள்ள எங்கள் 'லேக் எட்டர்னா' அடுக்ககத்தையே சேரும். இதில் சண்டைக்கே இடமில்லை. ஏனென்றால் அந்தத் தீர்மானத்தை எழுதியவன் நான். குடியிருப்போர் சங்கத் துணைச் செயலாளர்.

பெயரில் இருக்கிற லேக் எங்கே என்று விருந்தாளிகள் கேட்பதுண்டு. எங்கள் பில்டர் பொறுப்பானவர். ஏரியை அடியில் பத்திரமாக வைத்து, அதன்மேல் கட்டட இடிபாடுகளைக் கொட்டி, அதன்மேல் எங்களை வைத்தார். ஏரிக்கரையில் வழிவழியாக வசித்த பாம்புகளுக்கு மட்டும் பத்திரப்பதிவு விவரம் போய்ச் சேரவில்லை.

ஒருநாள் காலை, சங்கத் தலைவர் ப்ரஹ்லாதின் நாய் சீசர், கார் நிறுத்துமிடத்தில் ஒரு கண்ணாடி விரியனை முகர்ந்து பார்க்கப் போனது. விரியன் சீறியது. தலைவர் சீசரை வாரித் தூக்கிக்கொண்டு ஓடினார். ஓடிய வேகத்தில் ஒரு செருப்பையும் மாமியாரையும் அங்கேயே விட்டுவிட்டார்.

அன்றே அவசரக் கூட்டம்.

"சீசரைக் கடிச்சிருந்தா?" என்றார் தலைவர். குரல் தழுதழுத்தது.

"உங்க மாமியாரைக் கடிச்சிருந்தா?" என்றாள் என் மனைவி வித்யாலட்சுமி.

"அது இன்னிக்கு அஜெண்டாவுல இல்ல மேடம்."

இப்படித்தான் விஜய்குமார் எங்களிடம் வந்து சேர்ந்தார். கோலார் தங்கவயல்காரர். நாய்ப் பயிற்சியாளர். அவருடைய தாத்தா சுரங்கத்தில் தங்கம் தேடினாராம். பேரன் எங்கள் நாய்களுக்குள் அறிவைத் தேடினார். தாத்தாவைவிடச் சீக்கிரமாகவே கிடைத்துவிட்டது.

பாடத்திட்டம் எளிமையானது. பாம்பு பிடிப்பவர்கள் பயன்படுத்திய பழைய துணிப்பை ஒன்றை வைத்திருந்தார். அதில் பாம்பு வாசனை இருந்தது.

"இந்த வாசனை வந்தா நாய் நின்னுடணும் சார். அப்படியே திரும்பி வந்து ஓனர் முன்னாடி குந்திக்கணும். குந்திக்கினா ஒரு பீஸ் சிக்கன். அவ்ளோதான்."

வகுப்புகள் எங்கள் வாசலுக்கு வெளியே, சாலையோரம் நடந்தன. நாய்கள் உடனே பிடித்துக்கொண்டன. உரிமையாளர்கள்தான் சிரமப்பட்டார்கள். சிலர் சிக்கனைக் கொடுக்க மறந்து தாங்களே தின்றார்கள். தலைவர் 'முன்னுதாரணமாக' இருக்க விரும்பிப் பையை முகர்ந்துவிட்டு, நாள் முழுக்கத் தும்மினார். எங்கள் லேப்ரடார் பிஸ்கட், அதுவரை ஃபிரிட்ஜ் கதவு திறக்கும் சத்தத்துக்கு மட்டுமே கீழ்ப்படிந்து வாழ்ந்த ஜீவன். அதுகூட முதல் வகுப்பில் தேறியது.

பட்டமளிப்பு விழா குழந்தைகள் பூங்காவில் ஏற்பாடானது. சறுக்குமரத்துக்குப் பக்கத்தில் மேடை. பட்டதாரிகளுக்குக் குஞ்சம் வைத்த கறுப்புத் தொப்பி. நாதஸ்வரம் ஒலிக்க, சீசர் முன்னே நடக்க, ஊர்வலம் கிளம்பியது.

பூங்கா வாசலில் சீசர் நின்றது. திரும்பியது. தலைவர் முன்னால் வந்து உட்கார்ந்தது. அடுத்து பிஸ்கட். அதன்பின் எல்லா நாய்களும். பட்டதாரிகள் அனைவரும் மேடைக்கு முதுகு காட்டி, சிக்கனுக்காக வாயைத் திறந்தபடி அமர்ந்திருந்த அந்தக் காட்சியை நான் எந்தப் பல்கலைக்கழகத்திலும் கண்டதில்லை.

"வெட்கப்படுதுங்க," என்றார் தலைவர்.

அப்போது உள்ளேயிருந்து 'ஸ்ஸ்ஸ்' என்று பிரஷர் குக்கர் சத்தம் வந்தது.

"சமையல் ஆரம்பிச்சாச்சு போல," என்று நான் சபைக்கு அறிவித்தேன். சமையல்காரர் எனக்குப் பின்னால்தான் பிரியாணி அண்டாவோடு நின்றுகொண்டிருந்தார்.

விஜய்குமார் தொப்பிகளைக் கழற்ற ஆரம்பித்தார். "சார், நாய்ங்க எல்லாம் பாஸ். பார்க்குதான் ஃபெயில்."

பாம்பு மீட்பவர் ஒருவரை அவரே வரவழைத்தார். சறுக்குமரத்தின் அடியிலிருந்து நல்ல கொழுத்த விரியன் ஒன்று பிடிபட்டது. வந்தவர் பையைக் கட்டியபடியே சொன்னார்: "குட்டி போட்டிருக்கு சார். விரியன் குட்டி பிறந்தப்பவே விஷத்தோடதான் வரும். மணலுக்கு அடியில பூரா இடிபாடு, அதுல எங்க வேணா இருக்கும். எல்லாத்தையும் தோண்டி எடுத்துடுங்க. அதுவரைக்கும் பார்க்கைப் பூட்டி வைங்க."

"பேடா, வேண்டாம்!" என்று அலறினார் தலைவர். "தோண்டினா ஏரி வந்துடும்!"

'நிலத்தடி நீர்வளம் குறித்துத் தலைவர் ஆழ்ந்த அக்கறை தெரிவித்தார்' என்று நான் பதிவு செய்தேன். கூடவே இன்னொரு தீர்மானமும் நிறைவேறியது. இனி வளாகத்துக்குள் 'பாம்பு' என்ற சொல்லை யாரும் பயன்படுத்தக் கூடாது. தேவைப்பட்டால் 'வாடகை தராத நீண்ட குடியிருப்பாளர்' என்று குறிப்பிடலாம். தலைவருக்கு என்ன அவசரமென்றால், அவர் தன் ஃபிளாட்டை விற்கவிருந்தார். ஞாயிற்றுக்கிழமை ஆட்கள் பார்க்க வருகிறார்கள்.

வந்தார்கள். கிஷோர் என்று ஓர் இளைஞர், அவர் மனைவி, யாமினி என்ற சின்னப் பெண். பூங்காவைக் கண்டதும் யாமினி அப்பாவின் கையை உதறிவிட்டு ஓடினாள். வாசலில் வழக்கம்போல் நாய்கள் வரிசையாகத் திரும்பி உட்கார்ந்திருந்தன.

"நாயெல்லாம் ஏன் உள்ள வரல?" என்றாள்.

"அதுங்களுக்கு டிசிப்ளின் ஜாஸ்திம்மா," என்றார் தலைவர், கனிவாக. "நீ போ, போய்ச் சறுக்கு."

அவள் ஒரு காலை மணலில் வைத்தாள். வித்யாலட்சுமி பிஸ்கட்டின் கயிற்றை விட்டாள். பாய்ந்தாள். குழந்தையை இடுப்போடு அள்ளித் தூக்கினாள். "பாம்பு!" என்று அவள் போட்ட சத்தம் நான்கு டவர்களிலும் முட்டித் திரும்பி வந்தது. குழந்தையின் கால் இருந்த இடத்துக்குப் பக்கத்தில், விரல் பருமனில் ஏதோ ஒன்று நெளிந்து மணலுக்குள் போனது. நான் குனிந்து பிஸ்கட்டின் கயிற்றை எடுத்து, கையில் இரண்டு சுற்றுச் சுற்றிக்கொண்டேன். அந்த நேரத்தில் எனக்கு ஒரு தீர்மானமும் தோன்றவில்லை.

கிஷோர் குடும்பம் போன வேகத்தில், கேட்டில் கையெழுத்துப் போடக்கூட நிற்கவில்லை.

மாலையே கூட்டம். தடை செய்யப்பட்ட சொல்லை உரக்கப் பயன்படுத்தியதற்காக என் மனைவி கண்டிக்கப்பட்டாள். அவள் எழுந்தாள். "என்னை அப்புறம் கண்டிச்சுக்கோங்க. முதல்ல பார்க்கைத் தோண்டுங்க. இல்லைன்னா பூட்டுங்க."

வாக்கெடுப்பு நடந்தது. எங்கள் வளாகத்தில் குழந்தை வைத்திருப்பவர்கள் பெரும்பாலும் வாடகைக்காரர்கள். வாடகைக்காரர்களுக்கு ஓட்டுக் கிடையாது. நாய் வைத்திருப்பவர்கள் எல்லாரும் சொந்த வீட்டுக்காரர்கள். தோண்டுவது, பூட்டுவது இரண்டுமே தோற்றன.

"இந்த நாய்ங்க பார்க் வாசல்ல திரும்பி உக்காராம இருந்தா, யாருக்கு என்ன தெரியப்போவுது?" என்றார் தலைவர். நாய் உரிமையாளர்களோ, இவ்வளவு படித்த நாய்களை ஆபத்தான இடத்துக்கு அழைத்துப் போவதே கொடுமை என்றார்கள். இரு தரப்பும் ஒரே முடிவுக்கு வந்த அந்தப் பொன்னான தருணத்தில் என் பேனா தானாக ஓடியது. ஜனநாயகம் இப்படியும் பூக்கும் என்று நான் நினைத்ததில்லை.

மறுவாரம் பூங்கா வாசலில் பித்தளைப் பலகை ஏறியது. கன்னடம், தமிழ், ஆங்கிலம் மூன்றிலும் இருக்கிறது. தமிழ் வாசகம் என்னுடையது:

'நம் செல்லங்களின் உயிர்ப் பாதுகாப்பைக் கருதி, நாய்களுக்கு உள்ளே அனுமதி இல்லை. குழந்தைகளுக்கு மட்டும்.'