பரணில் இருவர்

ஒரு சனிக்கிழமை முழுக்க ஒருவரோடும் கதைப்பதில்லை என்று முடிவெடுத்தேன். அதற்காகத்தான் மான் வேட்டை.

மானோடு எனக்கு ஒரு கோபமும் இல்லை. இரவு முழுக்க சென்ட் லோரன்ட் பக்டரியில் மாத்திரைப் போத்தல்களுக்கு மூடி போடும் மெஷினின் இரைச்சல். பகலில் நித்திரைக்குக் கெஞ்சும் நேரம் மேல்வீட்டுக்காரன் கட்டிலை இழுப்பான், அல்லது மனைவியை இழுப்பான். பதினொரு வருசம் இப்படிப் போயிற்று.

கூட வேலை செய்யும் அருமைராசா அண்ணைதான் வழி சொன்னார். "காட்டுக்குள்ளை வாய் திறக்கக்கூடாது தம்பி. அதுதான் வேட்டைச் சட்டம்."

கனடாவில் எனக்குச் சாதகமாக இருந்த முதல் சட்டம். பாதுகாப்பு வகுப்புக்குப் போனேன். மூன்றாந்தரம் எழுதித்தான் பாஸ். அண்ணையே துவக்கும் இரவல் தந்தார்.

சிவநேசத்திடம் கதவடியில் வைத்துச் சொன்னேன். என் மனைவி. கார்தெரியில், அதுதான் பிள்ளைகள் காப்பகத்தில், நாள் முழுக்க ஊரார் பிள்ளைகளின் அழுகையை அடக்குகிற வேலை. நான் உள்ளே வர அவள் வெளியே போவாள். எங்கள் தாம்பத்தியம் நடப்பதே கதவடியில்தான்.

"துவக்குக்குப் பயந்து நாட்டை விட்டு ஓடி வந்தனாங்கள். இப்ப வகுப்பெடுத்துத் துவக்குத் தூக்கப் போறியளோ?"

"பயப்பிடாதையும். செம்மஞ்சள் மேலங்கி போட்டுக்கொண்டுதான் போறது. மற்ற வேட்டைக்காரர் மானெண்டு நினைச்சுச் சுடாமல் இருக்க."

"ஊரிலை ஆருக்கும் தெரியாமல் ஒளிச்சுத் தப்பினம். இஞ்சை எல்லாருக்கும் தெரிய நிண்டு தப்போணுமாக்கும்."

எனக்குச் சிரிப்பு வரவில்லை. அவளுக்கும்தான்.

"தனியப் போகலாமோ?"

பொய் சொல்லியிருக்கலாம். மூன்று தரம் படித்த பாடம் முந்திக்கொண்டது. "கூடாது. அருமைராசா அண்ணை வாறார்."

"அவருக்கு முழங்கால் ஏலாதாம். மனுசி போன் எடுத்தவா. நான் வாறன்."

"உமக்குச் சுடத் தெரியாதே!"

"சும்மா இருக்கத் தெரியும்."

வெள்ளி இரவு வேலைக்கு லீவு. சனி விடிய, மொன்றியலுக்கு வடக்கே ஒரு காடு. மரத்தில் கட்டிய பரண். விழாமல் இருக்க இடுப்பில் பட்டி, பக்கத்தில் சிவநேசம். அவள் ஒரு சொல் கதைக்கவில்லை. ஒரு மணித்தியாலம். இரண்டு. இத்தனை வருசத்தில் இரண்டு பேரும் ஒரே நேரத்தில் முழித்திருந்து அருகருகே இருப்பது இதுதான் முதல் தரம். அவள் காதோரம் எப்போது நரைத்தது? நான் கேட்டு வாங்கிய அமைதி என் நெஞ்சில் ஏறிக் குந்தியது.

"குளிருதோ?"

தலையை மட்டும் ஆட்டினாள்.

"தேத்தண்ணி ஊத்தட்டோ?"

வாயில் விரல் வைத்தாள்.

"சிவநேசம், என்னிலை கோவமோ?"

கீழே எப்போதோ வந்து நின்ற மான் ஒன்று என்னை நிமிர்ந்து பார்த்துவிட்டு அவசரமில்லாமல் ஆறுதலாக நடந்து போனது. அதன்பிறகு வீடு வரும்வரை நான்தான் கதைத்தேன்.

அடுத்த சனி. வேலை முடிந்து வருகிறேன், கதவடியில் சிவநேசம். என் செம்மஞ்சள் மேலங்கி அவள் உடம்பில்.

"எங்கை போறீர்?"

"காட்டுக்கு. அருமைராசா அண்ணையின்ரை மனுசி கீழை காரிலை நிக்கிறா."

"துவக்கு?"

"அது உங்களுக்கு. எங்களுக்கு என்னத்துக்கு?"

"பொறும், நானும் வாறன்."

அவள் என்னை இரக்கத்தோடு பார்த்தாள்.

"வேண்டாமப்பா. நீங்கள் கதைக்கிற ஆள்."