புள்ளிக்குள்ளே எழுபத்து நான்கு

“அப்பா, இதுல என்ன நம்பர் தெரியுது?”

இட்லியைச் சட்னியில் தோய்த்த கை அப்படியே நின்றது. மகள் இனியா நீட்டிய போனில் ஒரு வட்டம். வட்டம் நிறையப் புள்ளிகள். இந்த வட்டம் நிலவழகனுக்குப் புதிதல்ல. லைசென்ஸ் எடுத்த காலத்தில், ஒரு கண் டாக்டரின் மேசையிலிருந்து இதே வட்டம்தான் அவரைப் பார்த்து இளித்தது.

அன்றைக்கு வரிசையில் முன்னால் நின்றவர் சொன்ன விடையைக் காதில் வாங்கி, அதையே ஒப்பித்துத் தப்பித்தார். சிவப்பும் பச்சையும் அவர் கண்ணுக்கு ஒன்றுதான். அது உலகத்தில் யாருக்கும் தெரியாத ரகசியம் என்பது அவருடைய நம்பிக்கை. கறம்பக்குடிக்கும் புதுக்கோட்டைக்கும் நடுவே ‘பச்சைக்கிளி’ என்ற பஸ்ஸை ஓட்டிப் பிழைக்கிற மனிதருக்கு, அந்தப் பஸ் என்ன நிறம் என்று சத்தியமாகத் தெரியாது. யாராவது கேட்டால், “நல்ல நெறம்” என்று சொல்லிவிடுவார்.

“சொல்லுங்கப்பா.”

“எழுபத்தி நாலு.”

இனியாவின் முகம் வாடியது. “எனக்கு இருபத்தொண்ணுன்னுதாம்ப்பா தெரியுது. கிளாஸ்ல எல்லாரும் எழுபத்தி நாலுன்னாங்க. எனக்கு நிறக்குருடு இருக்குன்னு அருணா டீச்சர் சொல்றாங்க. ஒங்களுக்கும் கண்டிப்பா இருக்கணுமாம்.”

“எனக்கு எதுக்கு இருக்கணும்?”

பிளஸ் டூ படிக்கிற பிள்ளையிடம் கேட்கக் கூடாத கேள்வி அது. இனியா விரலை மடக்கத் தொடங்கிவிட்டாள்.

“பொம்பளப் புள்ளைக்கு எக்ஸ் குரோமோசோம் ரெண்டுப்பா. ஒண்ணு அம்மா குடுத்தது, ஒண்ணு அப்பா குடுத்தது. ரெண்டுலயும் அந்தக் கோளாறு ஜீன் இருந்தாத்தான் பொண்ணுக்கு வரும். ஆம்பளைக்கு எக்ஸ் ஒண்ணே ஒண்ணு. அதுல கோளாறு இருந்தா மறைக்கிறதுக்கு எடமே இல்ல. அதனால எனக்கு இருந்தா எங்கப்பாவுக்கு இருந்தே ஆகணும். இல்லன்னா…”

“இல்லன்னா?” குரல் சமையலறையிலிருந்து வந்தது. குரலைத் தொடர்ந்து, கையில் கரண்டியோடு திலகவதியும் வந்தாள்.

“தெரியலம்மா. அதுக்குள்ள பெல் அடிச்சிருச்சு.”

நிலவழகனுக்கு மெல்ல மெல்ல விஷயம் விளங்கியது. விளங்க விளங்க வேர்த்தது. உண்மையைச் சொன்னால் ஸ்டியரிங் போகும். சொல்லாவிட்டால் கட்டினவளின் மானம் போகும். அவள் வேறு மாமன் மகள். தப்பித்து ஓடினாலும் சொந்தக்காரன் வீட்டுக்குத்தான் ஓட வேண்டும்.

“எனக்கும் இருக்காடி?” என்று திலகவதி மகளைக் கேட்டாள்.

“ஒனக்கு ஒரு எக்ஸ்ல மட்டும் இருக்கும்மா. இன்னொண்ணு நல்லா இருக்கறதால வெளிய தெரியாது. நீ சும்மா சுமந்துக்கிட்டு இருப்ப.”

“நாங்க எதத்தான் வெளிய காட்டுனோம்” என்றாள் திலகவதி. கணவனை ஒரு பார்வை பார்த்துவிட்டு உள்ளே போனாள். அந்தப் பார்வைக்கு என்ன அர்த்தம் என்று தெரியாமல் நிலவழகன் நாலாவது இட்லியைத் தொடவே இல்லை.

பயந்தவன் யோசித்தால் எப்படி இருக்குமோ அப்படித்தான் அவர் யோசனையும் இருந்தது. மகளைத் தனியே கூப்பிட்டார்.

“ஒன் கண்ணு நல்ல கண்ணு, தாயி. போன்ல படம் சரியா வரல. நாளைக்கு டீச்சர் கேட்டா எழுபத்தி நாலுன்னு சொல்லிரு. பிரச்சன முடிஞ்சிரும்.”

முடியவில்லை. மறுநாள் அருணா டீச்சர் அதே படத்தைப் புத்தகத்தில் காட்டினார். இனியா, “எழுபத்தி நாலு மிஸ்” என்றாள். டீச்சர் புத்தகத்தைத் தலைகீழாகத் திருப்பினார். இனியா மறுபடியும், “எழுபத்தி நாலு மிஸ்” என்றாள். வகுப்பே சிரித்தது.

“யாரு இப்படிச் சொல்லச் சொன்னது?”

“எங்கப்பா, மிஸ்.”

“அப்ப நான் ஒங்க அப்பாவப் பாக்கணுமே. பச்சைக்கிளி டிரைவர்தான? சாயங்காலம் அந்த பஸ்லதான் வாரேன். பஸ்லயே பேசிக்கிறேன்.”

மகள் இதைப் போனில் சொன்னாள். டீச்சர் தினமும் பள்ளிக்கூட ஸ்டாப்பில் ஏறி, டிரைவருக்கு அடுத்த முதல் சீட்டில் உட்கார்ந்து புதுக்கோட்டைக்கு வருகிறவர். உட்கார்ந்து சும்மா வந்தால் பரவாயில்லை. சத்தமாகப் பேசுகிறவர். ‘சார், ஒங்களுக்கு செவப்பு தெரியாதா?’ என்று அவர் கேட்டால் கடைசி சீட்டில் தூங்குகிறவன்கூட எழுந்து இறங்கிப் போய்விடுவான். அடுத்த நிமிஷம் முதலாளிக்குப் போன் போகும்.

சாயங்காலம் வண்டியைக் கிளப்பும்போது, வேலை போய்விடும் என்ற பயம் ஒரு பக்கம். இன்னொரு பக்கம், நெஞ்சைப் போட்டு அறுக்கிற ஒரு கேள்வி. பிள்ளைக்கு ஒரு குழி நிலம் சேர்த்து வைக்கவில்லை. கடைசியில் நாம் கொடுத்தது இந்தக் கோளாறுதானா? வெட்கமாகவும் இருந்தது, அழுகையாகவும் வந்தது. ஓட்டுகிறவன் அழக் கூடாது என்பதால் ஹாரனை அடித்துக்கொண்டார்.

பள்ளிக்கூட ஸ்டாப் வந்தது. அருணா டீச்சர் குடையை ஆட்டினார். நிலவழகன் நேரே பார்த்தார். வண்டியும் நேரே போனது.

கண்டக்டர் பிராங்க்ளின் பின்படிக்கட்டிலிருந்து விசிலடித்தான். நிலவழகன் நிறுத்தவில்லை. மறுபடி அடித்தான். டீச்சர் குடையோடு பின்னால் ஓடி வந்தார். பிராங்க்ளின் நிறுத்தாமல் அடித்துக்கொண்டே முன்னால் வந்துவிட்டான்.

இந்த விசில்தான் பிராங்க்ளினிடம் நிலவழகனுக்குப் பிடிக்காத ஒரே விஷயம். ஆவூர்க்காரன், தங்கமானவன், கோயில் திருவிழாவுக்குக் கூட்டிப் போய்ச் சாப்பாடு போடுகிறவன். ஆனால் ஆடு குறுக்கே வந்தால் விசில், மாடு நின்றால் விசில், ஒன்றுமே இல்லாவிட்டாலும் விசில். காதுக்குள் வண்டு புகுந்த மாதிரி இத்தனை வருஷமாக அந்த ஓசையோடு குடும்பம் நடத்துகிறார்.

“அண்ணே, டீச்சர விட்டுட்டுப் போறீங்கண்ணே!”

“டைம் ஆச்சுடா!”

“முன்னாடியே வந்துட்டோம்ணே!” என்று சொல்லிவிட்டு, அவர் காதுக்குப் பக்கத்திலேயே இன்னொரு விசில் வைத்தான்.

அத்தனை பயமும் கோபமாகத் திரண்டு வந்தது. நிலவழகன் ஒரு கையை நீட்டி, அவன் கழுத்திலிருந்த விசிலைக் கயிற்றோடு பிடுங்கி ஜன்னல் வழியே எறிந்தார். ரோட்டோரக் கண்மாய்த் தண்ணீரில் அது விழுந்து முங்கியது. வண்டி நின்றது. டீச்சர் மூச்சு வாங்க ஏறி, முதல் சீட்டில் உட்கார்ந்து, பேசக்கூட முடியாமல் அவரையே முறைத்துக்கொண்டு வந்தார். பிராங்க்ளின் முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டு பின்னால் போய்விட்டான்.

புதுக்கோட்டைக்குள் நுழைகிற முச்சந்தி சிக்னல் வந்தது. மற்ற இடங்களில் மேல் விளக்கு எரிந்தால் நிற்பார், கீழ் விளக்கு எரிந்தால் போவார். இந்த ஒரு சிக்னலில் மட்டும் விளக்குகளைப் படுக்கை வசத்தில் வைத்திருந்தார்கள். அதிலும் ஒருநாள்கூட அவர் தவறியதில்லை. எல்லாம் குலதெய்வம் அய்யனார் துணை என்று விட்டுவிட்டார்.

அன்றைக்கு அய்யனார் எங்கே போனாரோ. ஏதோ ஒரு விளக்கு எரிந்தது. பின்னாலிருந்து பிராங்க்ளின் என்னவோ கத்தினான். விசில் போன ஆத்திரத்தில் திட்டுகிறான் என்று நினைத்து நிலவழகன் கியரை மாற்றினார். இடப்பக்கமிருந்து ஒரு தயிர்க்காரரின் மொபெட் பஸ்ஸின் மூக்குக்கு நேராக வந்தது.

பிரேக்கில் இரண்டு காலாலும் ஏறி நின்றார் என்றே சொல்ல வேண்டும். கூடை உருண்டது, பிள்ளைகள் வீறிட்டன. தயிர்க்காரர் மொபெட்டோடு சாய்ந்து, ஒரு அடி தூரத்தில், உயிரோடு உட்கார்ந்திருந்தார். ரோடெல்லாம் தயிர். அதன் நிறம் மட்டும் நிலவழகனுக்கு நன்றாகத் தெரிந்தது.

“சார், செவப்பு சார்! அது செவப்பு!” என்று அருணா டீச்சர் அலறினார்.

இருபது வருஷத்துக்கு மேல் ஓட்டியவர், முதல்முறையாகச் சாவியைத் திருப்பாமல் உட்கார்ந்திருந்தார். கொஞ்சம் பிசகியிருந்தால் ஒரு உயிர் போயிருக்கும். தயிர்க்காரரின் பிள்ளை இன்றைக்கு யாருக்காகக் காத்திருக்கும் என்ற நினைப்பு வந்தது.

வீட்டுக்கு வந்து திலகவதியிடம் நடந்ததைச் சொன்னார். நிறத்தை மட்டும் விட்டுவிட்டு மற்றதைச் சொன்னார். தயிர்க்காரரைப் பற்றிச் சொன்னபோது அவள் நெஞ்சில் கை வைத்தாள். விசிலைப் பற்றிச் சொன்னபோதுதான் எழுந்தே நின்றாள்.

“விசில ஏன் மச்சான் தூக்கிப் போட்டீங்க?”

“ஏய், ஒரு உயிரு போகப் பாத்துச்சுங்கிறேன். விசிலப் பத்திக் கேக்குற?”

“வேற விசில் வச்சிருக்குதா அந்தத் தம்பி?”

இவளுக்கு என்ன ஆயிற்று என்று அவருக்குப் புரியவில்லை. குடி முழுகப்போகிற நேரத்தில் கண்டக்டர் விசிலுக்குக் கவலைப்படுகிறாள். மறுநாள் காலையில் சாப்பாட்டுத் தூக்கோடு ஒரு புது விசிலையும் கொடுத்தாள். “பிராங்க்ளின் தம்பிகிட்ட மொத வேலையா இதக் குடுத்துருங்க.”

நிலவழகன் தன் மனசுக்குள் ஒரு முடிவுக்கு வந்திருந்தார். இத்தனை வருஷம் ஒழுங்காக இருந்த கண், ஜீன் என்ற வார்த்தையைக் கேட்டதும் கெட்டுவிட்டது. தெரியாத வரைக்கும் நோய் தூங்கியது, மகள் விரலை மடக்கி மடக்கி அதை எழுப்பிவிட்டாள். இனி நாளுக்கு நாள் முற்றும்.

டீச்சரின் புகார் முதலாளி ஆரோக்கியமுத்துவுக்குப் போயிருந்தது.

“நிலவு, குடையோட நின்ன டீச்சரும் ஒனக்குத் தெரியல, சிக்னலும் தெரியல. வண்டிய எடுக்காத. கண் டாக்டர்கிட்டப் போறோம். பிராங்க்ளின், நீயும் வா.”

ஆஸ்பத்திரியில் மறுபடியும் அந்த வட்டம். “எழுபத்தி நாலு” என்று சொல்ல வாயெடுத்தார். தயிர் கண்முன் வந்தது. ரோட்டில் உட்கார்ந்திருந்த மனிதர் வந்தார்.

“இருபத்தொண்ணு” என்றார் நிலவழகன். “எனக்கு எப்பவும் இருபத்தொண்ணுதாம்மா. எம் மகளுக்கும் அதேதான்.”

சொன்ன பிறகு, பயத்தோடு பயமாக, லேசாகவும் இருந்தது. டாக்டரம்மா எல்லாப் படங்களையும் காட்டி முடித்தார். “சொந்தத்துல கட்டியிருக்கீங்களா?” என்று கேட்டார்.

“மாமன் மகதாங்க.”

“ஒங்க மாமாவுக்கு இருந்தது, ஒங்க அம்மா வழியா ஒங்களுக்கு வந்திருக்கு. அவரோட மகளும் சுமந்திருக்காங்க. ரெண்டு வழியாவும் ஒரே ஜீன் சுத்தி வந்து ஒங்க பொண்ணுகிட்டச் சேந்திருச்சு. பொறக்கும்போதே உள்ளது, எப்பவும் இதே அளவுதான். முத்தாது.” முதலாளியிடம் திரும்பினார். “நடுத்தர அளவுதான் சார். இந்த அளவுக்கு இப்பச் சட்டமே லைசென்ஸ் குடுக்குது. வச்சுக்கிறதா வேணாமாங்கிறது ஒங்க இஷ்டம்.”

முற்றாது என்றதும் நிலவழகனுக்குப் போன உயிரில் பாதி திரும்பியது. இனியா தன் மகள்தான் என்பதில் அவருக்கு ஒருபோதும் சந்தேகம் இருந்ததில்லை. ஆனாலும் அதை ஒரு டாக்டர் வாயால் கேட்டதில் திலகவதியின் கரண்டியை நினைத்து நிம்மதி வந்தது. மீதிப் பாதி உயிர் முதலாளி கையில் இருந்தது.

வெளியே வராந்தாவில் ஆரோக்கியமுத்து பெஞ்சில் உட்கார்ந்தார். கோபத்தைவிட அவர் முகத்தில் பயம்தான் அதிகமாகத் தெரிந்தது.

“தெனம் எத்தன பிள்ளைங்க அந்த வண்டில வருதுங்க, நிலவு. இத்தன வருசம் செவப்பு தெரியாமயா ஓட்டுன?”

“மேல எரிஞ்சா நிப்பேன், கீழ எரிஞ்சா போவேன் மொதலாளி.”

“முச்சந்தியில வெளக்கு படுத்தில்ல கெடக்கு? அங்க மேல எது, கீழ எது? நேத்து வரைக்கும் எப்பிடி நின்ன? அதுக்குப் பதில் சொல்லு. சரியா இருந்தா நாளைக்கு வண்டிய எடு. இல்லன்னா சாவியக் குடுத்துட்டுப் போயிரு.”

நிலவழகன் வாயைத் திறந்தார். அய்யனார் என்று சொன்னால் ஆரோக்கியமுத்து ஏற்றுக்கொள்ள மாட்டார். நினைத்து நினைத்துப் பார்த்தும் தெரியவில்லை.

“தெரியல மொதலாளி” என்றார். கண்ணில் நீர் முட்டியது. சட்டைப் பையிலிருந்து சாவியை எடுத்து நீட்டினார்.

கதவோரம் நின்று, கழுத்தில் கிடந்த புது விசிலை உருட்டிக்கொண்டிருந்த பிராங்க்ளின் தொண்டையைச் செருமினான்.

“அண்ணனுக்கு எப்பிடித் தெரியும் மொதலாளி? கல்யாணமான புதுசுல சாப்பாட்டுத் தூக்கு குடுக்க வந்த திலகவதி அக்கா, ‘எங்கப்பா கண்ணுதான் தம்பி இவுகளுக்கும். செவப்புன்னா ஒரு விசில் அடி, பச்சைன்னா ரெண்டு அடி, ஆனா நான் சொன்னேன்னு இவுகளுக்குத் தெரிஞ்சிரக் கூடாது’ன்னு எங்கிட்டல்ல சொல்லிட்டுப் போச்சு!”