கொசுப்பொறிகள் தையல் கடைக்குப் போன வழி

அன்புள்ள மாமாவுக்கு,

உங்கள் அக்கா மகன் வணக்கத்துடன் எழுதுவது. இங்கே எல்லோரும் நலம். அங்கே நீங்களும் பிள்ளைகளும் நலமாக இருக்க வேண்டும். அத்தையை விசாரித்து எழுதும்படி அம்மா சொல்லவில்லை, நானாகவே விசாரிக்கிறேன். போன் இருக்கக் கடிதம் எதற்கு என்பீர்கள். போனில் நான் ஹலோ சொல்வதற்குள் நீங்கள் முடிவைச் சொல்லிவிடுவீர்கள். கடிதத்தில் குறுக்கே பேச முடியாது.

ஜெயித்தது நீங்கள்தான். பம்ப் கம்பெனியில் நீங்கள் பிடித்து வைத்திருக்கும் விடுமுறைப் பயிற்சியில் ஒன்றாம் தேதி சேர்ந்துவிடுகிறேன். மேனேஜரிடம் சொல்லிவிடுங்கள். ஆராய்ச்சி உதவித்தொகையை வேண்டாமென்று எழுதிக் கொடுக்கப் போகிறேன். "கொசு புடிக்கவாடா இன்ஜினியரிங் படிக்கிறே?" என்று கேட்டீர்களே, அன்றைக்கு அரை மணி நேரம் பதில் சொன்னேன். இன்றைக்கு அதே கேள்வியை நானே என்னிடம் கேட்டுக்கொண்டிருக்கிறேன்.

நடந்ததைச் சொல்கிறேன். உலக சுகாதார ஆராய்ச்சிக்கு இளநிலை மாணவர்களுக்கும் உதவித்தொகை உண்டு என்று கல்லூரிப் பலகையில் அறிவிப்பு ஒட்டினார்கள் அல்லவா, அதன் நேர்காணலில் "ஏம்பா, உனக்கு இந்தத் துறைதான் வேணும்னு ஏன் தோணுச்சு?" என்று கேட்டார்கள். "மத்த எல்லாத்துக்கும் முதுகலை கேட்டாங்க, இது ஒண்ணுதான் மூணாம் வருஷத்துக்காரனைச் சேர்த்துக்குது" என்றேன். ஒருவர் இருமினார், மற்றவர்கள் சிரித்தார்கள், எனக்குக் கிடைத்துவிட்டது. விடுமுறை முழுவதும் ஒரு பேராசிரியையின் கீழ் வேலை. பாதியில் குழுவின் முன்னால் விளக்க வேண்டும். அவர்களுக்குப் பிடித்தால் கடைசி வருடம் முழுவதற்கும் பணம் தருவார்கள். பேராசிரியை வருடாவருடம் காய்ச்சல் வருகிற ஒரு தெருவைக் காட்டினார். அங்கே எந்த வீட்டில் எவ்வளவு கொசு என்று தெரிய வேண்டும். ஒரு டஜன் பொறி செய்தேன். பெரிய டப்பா அளவில் பெட்டி, உள்ளே சின்ன விசிறி, நீல விளக்கு, மனிதக் கால் வாசனை அடிக்கிற ஒரு பொட்டலம். என் பழைய காலுறையை விட மோசமான வாசனை என்று அம்மா சான்று கொடுத்தாள். அந்த வாசனைக்கு வருகிற கொசுவை விசிறி உள்ளே இழுத்துக்கொள்ளும், சென்சார் எண்ணும், எண்ணிக்கை என் லேப்டாப்புக்கு வந்துவிடும். வீட்டுக்கு ஒன்றாக வைத்துவிட்டு வந்தேன்.

முதல் வாரம் ஒவ்வொரு வீட்டுக் கோடும் ஒவ்வொரு விதமாக அழகாக ஏறி இறங்கியது. இரண்டாவது வாரத்தில் ஒரு கோடு இன்னொன்றோடு போய் ஒட்டிக்கொண்டது. பிறகு மூன்றாவது. பிறகு எல்லாக் கோடும் ஒன்றன்மேல் ஒன்று படுத்துக்கொண்டு ஒரே தடித்த கோடாகிவிட்டது. தெரு முழுக்க எல்லா வீட்டுக் கொசுவும் ஒரே நேரத்துக்குக் கிளம்பி ஒரே நேரத்துக்கு அடங்குகிறதென்றால் யார் நம்புவார்கள்? புரோகிராமில் பிழை என்று நினைத்துத் திருத்தினேன். திருத்தியதைத் திருத்தினேன். பேராசிரியை எட்டிப் பார்த்து, "தெருப் பக்கம் போய்ப் பாத்தியா?" என்றார். "டேட்டாதான் இங்கயே வருதே மேடம், எதுக்கு வெயில்ல போகணும்?" என்றேன். அவர் மேஜை மேலிருந்த என் தொப்பியை எடுத்து என் பக்கம் நகர்த்தி வைத்துவிட்டுப் போனார்.

போனேன். முதல் வீட்டில் பொறி இல்லை. இரண்டாவதிலும் இல்லை. தெருக்கோடியில் ஒரு தையல் கடை. உள்ளே என் ஒரு டஜன் பொறியும் தையல் மெஷினுக்குக் கீழே வரிசையாக நின்று ஓடிக்கொண்டிருந்தது. தையற்காரர் சட்டையில்லாமல் உட்கார்ந்து பட்டன் வைத்துக்கொண்டிருந்தார். "வாங்க தம்பி, உங்க பெட்டிதானா இது? காலுக்கு நல்லாக் காத்து வருது. நீல வெளிச்சத்துல ஊசி கோக்குறதும் சுலபமா இருக்கு. நாத்தம்தான் கொஞ்சம். பழகிடுச்சு."

அத்தனையும் இங்கே எப்படி வந்தது என்று முதல் வீட்டுக்குத் திரும்பிப் போய்க் கேட்டேன். அந்த அம்மாள் கரண்டியோடு வாசலுக்கு வந்து, "நீதானேப்பா சொன்னே, இது கொசுவை ஈர்க்கும்னு. ஈர்த்தா எங்க வீட்டுக்குத்தானே வரும்?" என்றார். ஈர்த்துப் பிடித்துக்கொள்ளும் என்றும் சொன்னேனே என்றேன். "அதுக்குள்ள பால் பொங்கிடுச்சு, நான் உள்ள போயிட்டேன்." சரி, வேண்டாமென்றால் என்னிடம் சொல்லியிருக்கலாமே? "ஆசையாக் கொண்டாந்து வச்ச புள்ளகிட்ட எப்படிச் சொல்றது? பக்கத்து வீட்டு டிரைவர் சம்சாரத்துகிட்ட குடுத்துட்டேன்." டிரைவர் வீட்டில் இப்போது இரண்டு. அவர்கள் இரண்டையும் டியூஷன் டீச்சருக்குக் கொடுத்தார்கள். டீச்சர் தன்னுடையதையும் சேர்த்து அடுத்த வீட்டுக்கு. இப்படியே கைமாறிக் கைமாறித் தையற்காரரிடம் வந்து நின்றுவிட்டது; அவர் யாருக்கும் வேண்டாமென்று சொல்லாதவர். ஆக, நான் குழுவின் முன்னால் போய்க் காட்ட வேண்டியது ஒரு தையற்காரரின் கால்மாட்டில் சுற்றுகிற கொசுக்களின் வாழ்க்கை வரலாறு.

இதில் ஒன்றுதான் புரியவில்லை. அந்தத் தெரு நடுவில் சிவப்பு கேட் போட்ட வீடு ஒன்று உண்டு. ஆரம்பத்திலிருந்தே எனக்குக் கதவு திறக்காத வீடு. காம்பவுண்டு சுவர் இடுப்பு உயரம்தான். பகலில் ஆள் இருப்பதில்லை. வேண்டாத பொருளைத் தள்ளிவிட அதைவிட வசதியான இடம் கிடையாது. யாரும் அங்கே வைக்கவில்லை. அதைத் தாண்டி அடுத்த வீட்டுக்கு நடந்திருக்கிறார்கள். ஏன்? கேட்டால், "அங்கயா?" என்று முகத்தைத் திருப்பிக்கொள்கிறார்கள். பேராசிரியையிடம் சொன்னேன். அவர், "போன தடவை காய்ச்சல் முகாம் போட்டப்போ தெருவுல ஒரு வீட்டுல சொல்லி, மத்தவங்களுக்கும் சொல்லிடச் சொன்னோம். அந்த வீட்டுலேர்ந்து மட்டும்தான் யாரும் வரலை. அதுக்கப்புறம் அங்கேர்ந்து ரெண்டு பேரை ஆஸ்பத்திரிக்குத் தூக்கிட்டுதான் போனாங்க. அது ஏன்னு எனக்கும் தெரியலை, நீ கண்டுபுடியேன்" என்றார். "மேடம், நான் சர்க்யூட் போடுறவன். யார் யார் வீட்டுல பெட்டி வைக்கலைன்னு ஆராய்ச்சி பண்றதுக்கு வேற ஆளைப் பாருங்க" என்று சொல்லிவிட்டேன். ஒன்றாம் தேதிக்குள் யோசித்துச் சொல் என்றார். யோசித்துவிட்டேன். பம்ப் நல்லது. ஒரு இடத்தில் பொருத்தினால் அங்கேயே இருக்கும். ஆனாலும் அந்தச் சிவப்பு கேட்டை மட்டும் ஏன் என்று... சரி, விடுங்கள்.

உங்கள் உடம்பைப் பார்த்துக்கொள்ளுங்கள். பிள்ளைகளுக்கு என் அன்பு. உங்கள் காலைத் தொட்டு வணங்கியதாக எடுத்துக்கொள்ளுங்கள். நேரில் வரும்போது குனிந்து நிரூபிக்கிறேன்.

என்றும் உங்கள் பேச்சைக் கேட்கும்
(இந்த முறை உண்மையாகவே கேட்கும்)
மருமகன்

பின்குறிப்பு: மேலே எழுதியதைக் கண்டுகொள்ள வேண்டாம். கடிதத்தை ஒட்டுவதற்குப் பசை தேடினேன். பிரித்துப் பார்க்கலாமென்று கொண்டுவந்திருந்த ஒரு பொறி அலமாரி மேல் இல்லை. மாடி வீட்டிலிருந்து விசிறிச் சத்தம் கேட்டது. அம்மாவிடம் போனேன். "நீதான் இனிமே வேண்டாம்னுட்டியே. கொசு நம்ம வீட்டுக்கு எதுக்கு வரணும்?" என்றாள். அவளுடைய பிள்ளை செய்த பொறி, மாமா. போகட்டும். "அம்மா, மாடி வீட்டுக்காரங்க உனக்குத் தோஸ்து. எதிர் வீட்டோட உனக்கு வருஷக்கணக்குல சண்டை. கொசுவை அங்க அனுப்பாம இங்க ஏன் அனுப்புனே?" என்று கேட்டேன். அம்மா என்னை மேலும் கீழும் பார்த்தாள். "பேச்சுவார்த்தை இல்லாத வீட்டுக்கு எதைடா குடுக்க முடியும்? நல்லதோ கெட்டதோ, பேசுறவங்களுக்குத்தானே குடுக்கலாம்."

மாமா, முகாம் என்று அந்தச் சிவப்பு கேட்டுக்கு யார் போய்ச் சொல்லியிருப்பார்கள்? தெருவே வாயால் சேதி சொல்லி அனுப்பியிருக்கிறது. அது என் பெட்டி போன வழியில்தானே போயிருக்கும்? என் பொறி கொசுவை எண்ணவில்லை. யார் வீட்டோடு யார் வீட்டுக்குப் பேச்சு என்று கோடு போட்டுக் காட்டியிருக்கிறது. நான்தான் அதைப் பிழை என்று திருத்திக்கொண்டிருந்தேன்.

மேனேஜரிடம் எதுவும் சொல்ல வேண்டாம். சொல்லிவிட்டிருந்தால், காய்ச்சல் என்று சொல்லுங்கள். இப்போதே மாடி வீட்டிலிருந்து பெட்டியை வாங்கிக்கொண்டு போய் அந்தச் சிவப்பு கேட்டைத் தட்டப் போகிறேன். 'ஈர்க்கும்' என்ற சொல்லை வாயில் எடுக்க மாட்டேன்.

இந்தக் கடிதத்தை அத்தையிடம் நீங்களே படித்துக் காட்டிவிடுங்கள். அம்மா மூலமாக அங்கே எதுவும் வந்து சேராது.