கண்ணை மூடிப் பார்த்த வீடு

எழுதத் துணிந்ததற்கு முதலில் பொறுத்தருள வேண்டுகிறேன். இந்த நிகழ்ச்சியை என்னைவிடச் சுவையாகச் சொல்லக்கூடியவர்கள் பிஷ்கெக் நகரில் எங்கள் தெருவிலேயே நால்வர் இருக்கிறார்கள். ஆனால் அவர்கள் சொல்லும்போது தொகைகள் ஆளுக்கொன்றாக மாறிவிடுகின்றன. தொகைகளையாவது பிழையின்றிச் சொல்லலாமே என்ற எண்ணம்தான் இந்தத் துணிவுக்குக் காரணம்.

புதன்கிழமை காலை பத்து மணிக்கு, மூன்றாவது மாடியில் ஒரு கதவுக்கு முன்னால், கெங்கேஷ் இரு கண்களையும் இறுக மூடிக்கொண்டு நின்றிருந்தார்.

"தொறந்துடாதீங்க தம்பி," என்றார் வீட்டுத் தரகர் புருல்கான் அம்மையார். "வெள்ளையடிச்சு நாலு நாள்தான் ஆச்சு. இன்னும் ஒரு ஈ காக்கா பாக்கல. மொதமொத பாக்கப்போறது நீங்கதான்."

"பாக்கறதுக்குத்தானே அக்கா வந்திருக்கேன்?"

"அதத்தான் நானும் சொல்றேன். புதுப் பொண்ணப் பாத்தா கொருந்துக் குடுக்கறோம். பொறந்த குழந்தையப் பாத்தா குடுக்கறோம். பக்கத்து வீட்டுக்காரன் ஓட்டை காரு வாங்கினாக்கூடக் குடுக்கறோம். வீடுன்னா மட்டும் இளக்காரமா?"

ஒன்றை முதன்முதலாகக் காண்பவர், கண்ட மகிழ்ச்சிக்காகக் கையில் வைப்பது கொருந்துக். அதைக் கேட்டு வாங்குவதில் வெட்கம் இல்லை; கேட்டும் கொடுக்காமல் இருப்பதில்தான் வெட்கம். கெங்கேஷ் நல்ல குடும்பத்தில் வளர்ந்தவர். கண்ணைத் திறக்காமலே பையைத் துழாவி ஒரு நோட்டை நீட்டினார்.

"இது ஐந்நூறு, தம்பி. இன்னொண்ணும் இது மாதிரி எடுங்க."

ஆயிரம் சோம் கைமாறிய பிறகு கதவு திறந்தது. ஓர் அறை, ஒரு சமையலறை. மூன்றாவதாக ஓர் அறை இருப்பது போலத் தெரிந்தது. அருகில் போய்ப் பார்த்ததில் அது நிலைக்கண்ணாடி. ஆனாலும் சன்னலில் வெயில் விழுந்தது. வெந்நீர்க் குழாய் சுட்டது. குழந்தை தவழ இடம் இருந்தது.

கெங்கேஷுக்கு அதுதான் முக்கியம். அவர் மலைநகரான நாரினிலிருந்து இங்குள்ள குடிநீர் வாரிய அலுவலகத்துக்கு மாற்றலாகி வந்து இரண்டு மாதங்கள் ஆகியிருந்தன. மனைவியின் அண்ணன் ஜோமார்ட்டின் வீட்டில், சமையலறைத் தரையில், அடுப்புக்கும் குளிர்பதனப் பெட்டிக்கும் நடுவே படுத்து வந்தார். மனைவி ஊல்ஜானும் நான்கு மாதக் குழந்தையும் நாரினில் இருந்தார்கள். போன ஞாயிற்றுக்கிழமை ஊல்ஜான் தொலைபேசியில் தெளிவாகச் சொல்லிவிட்டார்.

"வர்ற சனிக்கிழமை வண்டி ஏறறேன். குழந்தையத் தூக்கிட்டு அண்ணன் வீட்டு அடுப்பாங்கரைல வந்து நிக்கமாட்டேன். வீடு இல்லேன்னா அடுத்த வண்டிலயே திரும்பிடுவேன். அப்புறம் பனி உருகற வரைக்கும் என்னைக் கூப்பிடாதீங்க."

"வீடெல்லாம் பாத்தாச்சு," என்றார் கெங்கேஷ். பயத்தில் நாக்கு தானாகவே மேலும் ஓரடி நகர்ந்தது. "சாவி சட்டைப்பையிலதான் இருக்கு."

"சரி," என்றார் ஊல்ஜான்.

கைக்குழந்தையுடன் வரலாம் என்று சொன்ன விளம்பரம் அந்த வட்டாரத்திலேயே ஒன்றுதான் இருந்தது. மாத வாடகை இருபத்தையாயிரம். கெங்கேஷின் சேமிப்பு ஐம்பதாயிரம். கணக்கு ஒழுங்காகத்தான் இருந்தது, கண்ணை மூடச் சொல்லும்வரை.

வியாழன் காலை புருல்கான் அழைத்தார்.

"சுயுன்சு, தம்பி, சுயுன்சு. நல்ல சேதி வந்திருக்கு."

"என்னக்கா சேதி?"

"மொதல்ல சுயுன்சு எவ்வளவுன்னு சொல்லுங்க. சேதியச் சொல்லிட்டா அப்புறம் எவன் குடுப்பான்?"

நற்செய்தி கொண்டுவந்தவரை வெறுங்கையோடு அனுப்புவது எங்கள் பக்கம் வழக்கமில்லை. கெங்கேஷ் இரண்டாயிரம் என்றார்.

"வீட்டுக்காரப் பெரியவரு, குழந்தை இருந்தாலும் பரவாயில்லைன்னுட்டாரு."

"விளம்பரத்துலயே அப்படித்தானே அக்கா போட்டிருந்தது?"

"விளம்பரம் எழுதினது நானு. இப்பச் சொன்னது அவரு."

கெங்கேஷ் தொலைபேசியைக் காதிலிருந்து எடுத்து ஒருமுறை பார்த்துவிட்டு மறுபடி காதில் வைத்தார். அடுத்த தொகையும் அதற்குள் வந்துவிட்டிருந்தது. குடிவருபவர் நாணயமானவர்தானா என்று விசாரிப்பதற்குக் கட்டணம் ஆயிரத்தைந்நூறு. அதைக் குடிவருபவரே கட்டவேண்டும்.

"என்னை விசாரிக்க நானே பணம் கட்டணுமா?"

"பின்னே, உங்களப் பத்தித் தெரிஞ்சுக்க ஊரானா கட்டுவான்?"

கட்டினார். கட்டிய பணத்துக்குப் புருல்கான் உண்மையாகவே உழைத்தார். அன்று மதியமே குடிநீர் வாரியத்துக்குத் தொலைபேசி செய்து, துறைத் தலைவரிடமே பேசினார். கெங்கேஷ் காய்ச்சல் என்று சொல்லி மூன்று நாள் விடுப்பில் இருந்தார் என்பதை இங்கே பணிவுடன் தெரிவிக்கவேண்டியிருக்கிறது.

கால் மணி நேரத்தில் தலைவர் அழைத்தார். "காய்ச்சல்ல படுத்திருக்கறவருக்கு மூணாவது மாடில வீடு எதுக்குப்பா?"

கெங்கேஷுக்கு அப்போது உண்மையாகவே காய்ச்சல் வந்துவிட்டது போலிருந்தது. "ஐயா…"

"ஒழுங்கா வேலை பாக்கறவரான்னு அந்தம்மா கேட்டாங்க. சம்பளம் ஒழுங்கா வருது, ஆளுதான் வரதில்லைன்னு சொல்லிருக்கேன். கிளம்பி வா."

இந்தப் பதில் வீட்டுக்காரருக்குக் கவலை தந்ததாகப் புருல்கான் தெரிவித்தார். கவலையைப் போக்க, கௌரவமான தோற்றத்தில் நேரில் போய் நிற்பது என்று கெங்கேஷ் முடிவு செய்தார். ஜோமார்ட் தன் திருமணத்துக்குத் தைத்த கோட்டையும் கால்சட்டையையும் இரவல் கொடுத்தார்.

"சாப்பிடும்போது மட்டும் குனிஞ்சு சாப்பிடுங்க மச்சான்," என்றார். "கோட்டுல சொட்டு விழுந்தா என் பொண்டாட்டி என்னைத் தொலைச்சுடுவா."

புருல்கான் கெங்கேஷை உச்சி முதல் உள்ளங்கால்வரை பார்த்தார். கோட்டின் விளிம்பை இரண்டு விரலால் தடவினார்.

"தப்புப் பண்ணிட்டேனே தம்பி. இந்தத் துணி போட்டிருக்கறவருகிட்ட ஒரு மாச முன்பணம் கேட்டா உங்களுக்குத்தானே அவமானம்? ரெண்டு மாசம் வைங்க. என்னோட தரகு அரை மாசம், பன்னெண்டாயிரத்து ஐந்நூறு. அத இப்பவே குடுத்துட்டீங்கன்னா வீட்ட உங்களுக்குன்னு பிடிச்சு வச்சுக்கறேன்."

கெங்கேஷ் கொடுத்தார். மீதமிருந்தது முப்பத்து மூவாயிரம்.

பிடித்து வைத்த வீடு ஒரு நாள்கூடக் கையில் நிற்கவில்லை.

"போட்டிக்கு வேற பார்ட்டி வந்திருக்கு தம்பி," என்றார் புருல்கான் வெள்ளிக்கிழமை. "வெளியூரு. போன்லயே வீட்டச் சுத்திக் காட்டினேன். இருபத்தெட்டு தர்றேங்கறாங்க."

"பிடிச்சு வச்சிருக்கேன்னீங்களே?"

"பிடிச்சுத்தான் வச்சிருக்கேன். அவங்களும் இன்னொரு பக்கம் பிடிக்கறாங்க, நான் என்ன பண்ண?"

"அவங்க கொருந்துக் குடுத்தாங்களா?" கெங்கேஷ் ஏன் இதைக் கேட்டார் என்று அவருக்கே தெரியவில்லை.

"போன்ல பாத்தா பாத்தது இல்லையா? குடுத்தாங்க. சுயுன்சும் குடுத்தாங்க. மரியாதை தெரிஞ்ச குடும்பம்."

இதைக் கேட்டதும் கெங்கேஷுக்கு முதன்முறையாக ரோஷம் வந்தது. அலுவலகத்தில் பன்னிரண்டு பேர் சேர்ந்து சீட்டுப் போட்டிருந்தார்கள். அந்த மாதச் சீட்டு, கணக்குப் பிரிவு அம்மாளுடையது. மகளுக்குப் பல் கட்ட வைத்திருந்த முறை அது. கெங்கேஷ் அவருடைய மேசைக்கு எதிரே போய் நின்று, ஒன்றும் பேசாமல் அரை மணி நேரம் நின்றார்.

"எடுத்துட்டுப் போங்க," என்றார் கடைசியில் அந்த அம்மாள். "உங்க மூஞ்சியப் பாத்துட்டே இருந்தா எனக்குப் பல்லு வலிக்குது."

எழுபதாயிரம். ஆக மொத்தம் ஒரு லட்சத்து மூவாயிரம்.

சனிக்கிழமை காலை எட்டு மணிக்கே அவர் தரகு அலுவலகத்தில் இருந்தார். செருப்புத் தைக்கும் கடையைத் தடுத்துப் பின்பாதியில் போட்ட ஒரு மேசைதான் அலுவலகம். வீட்டுக்காரர், ஓய்வுபெற்ற ரயில் ஓட்டுநர், ஓரமாக உட்கார்ந்து சூரியகாந்தி விதை கொறித்துக்கொண்டிருந்தார். கெங்கேஷ் ஊல்ஜானை அழைத்துப் பார்த்தார், தொடர்பு கிடைக்கவில்லை. வண்டி மலையேறியிருக்கும்.

புருல்கானின் தொலைபேசி அடித்தது. கேட்டுவிட்டு வாயைப் பொத்திக்கொண்டு திரும்பினார். "முப்பது தர்றாங்க."

"முப்பத்தொண்ணு," என்றார் கெங்கேஷ்.

"இருபத்தஞ்சே போதும்மா," என்றார் வீட்டுக்காரர்.

"நீங்க சும்மா இருங்க பெரியவரே. வியாபாரம் நடக்கறப்ப நடுவுல பேசாதீங்க. முப்பத்திரண்டு வந்திருக்கு தம்பி."

"முப்பத்து மூணு."

"முப்பத்து நாலு. அந்தப் பக்கம் கொஞ்சங்கூட யோசிக்கறதில்ல. குரல்ல ஒரு உறுதி இருக்கு, கேட்டா எனக்கே பயமா இருக்கு."

செருப்புத் தைப்பவர் சுத்தியலைக் கீழே வைத்துவிட்டு எட்டிப் பார்த்தார். கெங்கேஷின் கழுத்தில் வேர்வை இறங்கிற்று. இரவல் கோட்டு நினைவுக்கு வந்து, கைக்குட்டையால் துடைத்துக்கொண்டார்.

"முப்பத்தஞ்சு," என்றார். "மூணு மாசம் முன்பணம்."

தொலைபேசிக்குள் ஏதோ கரகரத்து, பேச்சு அறுந்தது.

"லைன் போயிடுச்சு," என்றார் புருல்கான். "உங்களுக்கு அதிர்ஷ்டந்தான் தம்பி. மறுபடி கூப்பிடறதுக்குள்ள பணத்த மேசைல வைங்க. ஒரு லட்சத்து அஞ்சாயிரம்."

கெங்கேஷ் எண்ணி வைத்தார். ஒரு லட்சத்து மூவாயிரம் இருந்தது. மீண்டும் எண்ணினார். அதுவேதான் இருந்தது.

"அக்கா, ரெண்டாயிரம் குறையுது. நான் குடுத்த சுயுன்சு இருக்கில்ல, அத ஒரு வாரத்துக்குக் கடனாத் திருப்பிக் குடுத்தீங்கன்னா…"

புருல்கான் நாற்காலியில் சாய்ந்துவிட்டார். வீட்டுக்காரரின் உதட்டில் விதை ஒட்டியபடி நின்றது. செருப்புக் கடைக்காரர்கூட "ஐயையோ" என்றார்.

"சுயுன்சத் திருப்பிக் கேக்கறதா? என்ன பேச்சு இது தம்பி? உங்க வாசல்ல நல்ல சேதி இனிமே கால் வைக்குமா?"

அந்த அதிர்ச்சியில் சில நிமிடங்கள் கழிந்தன. தொலைபேசி மீண்டும் அடித்தது. புருல்கான் கேட்டார், எழுந்து நின்று கேட்டார்.

"முப்பத்தாறு," என்றார் மெதுவாக. "நாலு மாசம் மொத்தமா. பேசிட்டிருக்கும்போதே பணம் வந்துடுச்சு. முடிஞ்சுது தம்பி."

"அப்ப நான் குடுத்த தரகு?"

"நாலு நாளா நான் உழைக்கலையா? மனசாட்சியத் தொட்டுச் சொல்லுங்க."

கெங்கேஷ் மனச்சாட்சியைத் தொட்டுப் பார்த்தார். உழைத்ததாகத்தான் அது சொல்லிற்று. நன்றி தெரிவித்துவிட்டு வெளியே வந்தார்.

மேற்குப் பேருந்து நிலையத்துக்கு நடந்தே போனார். வழி நெடுக ஒரே வாக்கியத்தை ஒத்திகை பார்த்தார்: 'சாவி என்னிடம் இல்லை.' அதற்கு மேல் ஒரு சொல்லும் வரவில்லை. திரும்பிப் போகும் வண்டி இரண்டரை மணிக்கு என்று பலகையில் எழுதியிருந்தது. பனி உருக எத்தனை மாதம் என்று விரல்விட்டு எண்ணினார். ஒரு கை போதவில்லை.

ஒரு மணி சுமாருக்கு நாரின் வண்டி வந்து நின்றது. ஊல்ஜான் இறங்கினார். போர்வைக்குள்ளிருந்து குழந்தையின் மூக்கு மட்டும் தெரிந்தது. அந்த மூக்கைப் பார்த்ததும் ஒத்திகை பார்த்த வாக்கியமும் மறந்துவிட்டது.

"ஊல்ஜான், அந்த வீடு… நான் உங்கிட்ட ஒரு பொய்…"

"தெரியும்," என்றார் ஊல்ஜான். "அண்ணி திங்கக்கிழமையே சொல்லிட்டாங்க, நீங்க இன்னும் அடுப்பங்கிட்டதான் படுத்திருக்கீங்கன்னு. அத விடுங்க. வாங்க, வீட்டுக்குப் போலாம்."

"எந்த வீட்டுக்கு?"

ஊல்ஜான் சிரித்தார். இரண்டு மாதங்களில் அவர் சிரித்து கெங்கேஷ் பார்ப்பது அதுதான் முதல் தடவை. வண்டி ஓட்டுநர் கூரையிலிருந்து தொட்டிலை இறக்கி கெங்கேஷின் கையில் கொடுத்தார்.

"நீங்கதான் இவங்க வீட்டுக்காரரா? குடுத்து வச்சவர்யா. 'அவருக்குப் பேரம் பேச வராது, நாமதான் பாத்துக்கணும்'னு மலை ஏறி இறங்கற வரைக்கும் போன்லயே ஒரு வீட்ட ஏலத்துல எடுத்துட்டாங்க உங்க வீட்டம்மா. பத்திரத்துல எழுத உங்க பேரக் கேட்டாங்க போல. நம்ம பொம்பளைங்க புருஷன் பேர வாயால சொல்லுவாங்களா? 'அவரே நேர்ல வந்து எழுதுவாரு'ன்னுட்டாங்க."

கெங்கேஷ் தொட்டிலைத் தரையில் வைத்தார்.

ஓட்டுநர் காறித் துப்பிவிட்டுச் சொன்னார்: "எதிர்ல எவனோ ஒரு வெளங்காதவன் மட்டும் நின்னு வீம்புக்கு ஏத்திவிடாம இருந்திருந்தா, இருபத்தஞ்சுக்கே முடிஞ்சிருக்கும் தம்பி."

இழந்தவை வருமாறு. கொருந்துக், இரு தரப்பிலும் சேர்த்து, இரண்டாயிரம் சோம். சுயுன்சு, இரு தரப்பிலும், நான்காயிரம். விசாரணைக் கட்டணம், ஒரு தரப்பில் மட்டும், ஆயிரத்தைந்நூறு. தரகு, இரு தரப்பிலும், முப்பதாயிரத்து ஐந்நூறு. ஏறிய வாடகை, ஓராண்டு ஒப்பந்தத்துக்கு, ஒரு லட்சத்து முப்பத்திரண்டாயிரம். ஆக ஒரு லட்சத்து எழுபதாயிரம் சோம். மற்றும், நாரினில் வியாழக்கிழமை விற்கப்பட்ட பசு ஒன்று, கன்றுடன்.