மோப்பம் மாமுவின் கரும்பு வண்டி

வடசென்னையில் புகைக்குப் பயந்த ஒரே மனிதர் மோப்பம் மாமுதான். நாங்களெல்லாம் எண்ணூர்ப் பக்கத்துப் புகையையும் துறைமுக லாரிகளின் புகையையும் காலை டீயோடு சேர்த்துக் குடித்துவிட்டுச் சௌக்கியமாக இருந்தோம். அவர் மட்டும் மூக்கைத் தூக்கிக்கொண்டு நிற்பார்.

இரண்டாயிரங்களின் தொடக்கத்தில் கல்மண்டபம் பகுதியில் கரும்புச்சாறு வண்டி வைத்திருந்தார். அதற்கு முன்பு பல வருஷம் ஏதோ கம்பெனி பாய்லரில் நின்று, மிச்சத்துக்கு ஓர் இருமலை வாங்கிக்கொண்டு வெளியே வந்தவர். மற்ற வண்டிக்காரர்கள் டீசல் இன்ஜினுக்கு மாறிய பிறகும் இவர் கையால்தான் சக்கரம் சுற்றினார். வருகிறவனை மோந்து பார்த்துவிட்டுத்தான் கிளாசையே எடுப்பார்.

அங்கே துறைமுகச் சரக்கை விடுவித்துக் கொடுக்கும் ஒரு கிளியரிங் ஆபீசில் நான் குமாஸ்தா. என் ஸ்கூட்டர் கிளம்பினால் பின்னால் வருகிறவருக்குத் தெருவே தெரியாது. முதல் நாளே எனக்குச் சாறு மறுக்கப்பட்டது.

"நைனா, உன் சட்டையே சைலன்சர் கணக்கா நாறுது. மொதல்ல வண்டிக்கு வைத்தியம் பாரு. அப்பால வா."

அப்போது புகைச் சான்றிதழ் இல்லாத வண்டிகளைப் போலீஸ் மடக்கிக்கொண்டிருந்தது. மாமு என்ன செய்தார் தெரியுமோ? தன் தள்ளுவண்டியைத் தள்ளிக்கொண்டுபோய்ப் புகை சோதிக்கும் கடையில், ஆட்டோக்களுக்கு நடுவே வரிசையில் நிறுத்திவிட்டார். சைலன்சரே இல்லையே, குழாயை எங்கே சொருகுவது என்று கடைக்காரர் தலையில் அடித்துக்கொண்டார்.

"அத்தயே எழுதிக் குடு" என்றார் மாமு.

பின்னால் பத்து ஆட்டோ ஹாரன் அடிக்க, மனுஷன் எழுதிக் கொடுத்துத் தொலைத்தார். மாமு அதை லேமினேட் பண்ணி எலுமிச்சம்பழக் கூடைக்கு மேலே தொங்கவிட்டார்.

அவருக்குக் கரும்பு கொண்டுவருகிறவர் ஏழுமலை, திருத்தணிப் பக்கத்து விவசாயி. இரண்டு காணி கரும்பு. ஒருநாள் லோடோடு வந்தவரை மாமு மோந்தார். அவ்வளவுதான், ஒரு கட்டுகூட இறக்கவிடவில்லை. அறுவடை முடிந்த ஒரு காணியில் கிடந்த சோகையை, அதாவது காய்ந்த கரும்பு இலையை, கொளுத்திவிட்டு, அதே சட்டையோடு லாரி ஏறியிருக்கிறார் ஏழுமலை. இன்னொரு காணியை ஊருக்குப் போய்க் கொளுத்த வேண்டும். எரிக்காவிட்டால் எலி குடித்தனம் பண்ணும், கட்டையிலிருந்து மறுபடி முளைக்கிற பயிர் விளங்காது என்று பாவம், என்னென்னவோ சொல்லிப் பார்த்தார்.

"எரிக்காத. சோகைய அப்டியே பரப்பி வுடு. மண்ணு போத்திகினு கெடக்கட்டும், ஈரம் நிக்கும்" என்றார் மாமு. "அந்தக் காணி போச்சின்னா, என் வண்டிய நீ இட்டுகினு போ."

ஏழுமலை அரை மனதோடு ஒத்துக்கொண்டார். மாமுவின் இந்த விவசாய ஞானத்துக்கு ஆதாரம் அவர் வீட்டு முருங்கைமரம். பிழிந்த சக்கையை அதன் அடியில் கொட்டிவைப்பார். கத்திரி வெயிலிலும் மண் ஈரமாக இருக்குமாம். ஆராய்ச்சி மொத்தமும் அவ்வளவுதான்.

அந்த வருஷம் பார்த்து மழை கைவிரித்தது. புழல் ஏரியில் ஸ்டம்ப் நட்டுக் கிரிக்கெட் ஆடினார்கள். எதிர் வண்டிக்கார பாஷா ஒருநாள் டேப்போடு வந்து மாமுவின் வண்டியை நீள அகலம் அளந்தார். ஏழுமலை கைக்குப் போனதும் தான் வாங்கிக்கொள்வதாகத் திட்டம். வழக்கமாக ஊரையே ஏசுகிற மாமு, டேப்பின் மறுமுனையைப் பிடித்துக்கொண்டு நின்றார்.

"பேஜாராகீது நைனா" என்றார் என்னிடம். "வாய வச்சிகினு சும்மா இருந்திருக்கலாம். மறுபடி பாய்லருக்குப் போனா இந்த நெஞ்சு தாங்காது."

 

மறு கோடையில் கரும்பு கிடைக்காமல் கல்மண்டபத்து வண்டிகளெல்லாம் தார்ப்பாய் போர்த்திக்கொண்டு நின்றன. ஒரு காலையில் லாரி வந்து நின்றது. ஏழுமலை இறங்கினார். மாமு லாரியைப் பார்க்கவே இல்லை. சான்றிதழைக் கழற்றிச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டு, வண்டியை அவர் பக்கம் தள்ளிவிட்டார்.

ஏழுமலை அதைத் திருப்பித் தள்ளினார். "எரிச்ச காணி காஞ்சி கருகிடுச்சிண்ணே. சோகை பரப்புனதுதான் நின்னுது. லாரியில இருக்கறது அதான்."

மாமு கிட்டே போய் அவரைத் தலையிலிருந்து கால்வரை மோந்தார். பிறகு அவர் தோளிலேயே முகத்தை வைத்துக்கொண்டு அழுதார்.

பாஷா தயங்கித் தயங்கி வந்து கொஞ்சம் கரும்பு கேட்டார். மாமு பாதி லோடைக் கொடுத்தார், இன்ஜினைக் கழற்ற வேண்டும் என்ற நிபந்தனையோடு. அந்தக் கோடை முழுக்க பாஷா கையால் சுற்றினார். தொப்பை போய்விட்டது என்று அவர் மனைவிக்கு ஏக சந்தோஷம்.

நானும் ரோஷம் வந்து ஸ்கூட்டரைச் சரிசெய்து, சான்றிதழோடு போய் நின்றேன். மாமு அதைத் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. என் சட்டையை மோந்தார். இன்னொரு தடவை மோந்தார். பிறகு இஞ்சி தூக்கலாக ஒரு கிளாஸ் நீட்டினார்.

அதற்கப்புறம் எத்தனையோ ஊர்களில் கரும்புச்சாறு குடித்துவிட்டேன். எல்லோரும் கேட்டவுடனே கொடுத்துவிடுகிறார்கள். யாராவது ஒருவர் ஒரே ஒரு தடவை என்னை மோந்து பார்க்கமாட்டாரா என்று இருக்கிறது.