என் தட்டுக்கு மட்டும் ஏன் மூடி?

மதிப்பிற்குரிய மச்சான் அவர்களுக்கு,

உங்கள் தங்கையின் கணவன் வணக்கத்துடன் எழுதுவது. இங்கு நான் சாதாரண நலத்தோடு இருக்கிறேன். உங்கள் தங்கை அளவுக்கு மீறிய நலத்தோடு இருக்கிறாள், கவலையே அதுதான். அங்கு எல்லோரும் சுகமாக இருப்பீர்கள் என்று, ஆதாரம் ஏதும் இல்லாமலே, நம்புகிறேன்.

ஓய்வு பெற்ற கையோடு கடலோரம் போய் நாலு நாள் இருந்துவிட்டு வாருங்கள் என்று வற்புறுத்தியது நீங்கள்தான். ஏன் அப்படி வற்புறுத்தினீர்கள் என்பதைப் பிறகு விசாரிக்கிறேன். முப்பத்தொரு வருஷம் உணவு ஆய்வாளராக இருந்தவன் நான். எங்கள் வீட்டிலேயே சாப்பாடு வந்தால் நான் முகர்ந்து, வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்து, ஒரு வாய் வைத்து, ஐந்து நிமிடம் பொறுத்துத் தலையசைத்த பிறகுதான் மற்றவர்கள் கை வைப்பார்கள் என்பது உங்களுக்குத் தெரியாததல்ல. அதே முறைப்படி இந்த விடுதிக்கு வந்த முதல் நாளே, தட்டில் வந்த வறுத்த முழு மீனைப் புரட்டிப் போட்டு, செவுளைப் பிளந்து, பூதக்கண்ணாடி வைத்துப் பார்த்தேன். சுருட்டை முடிச் சமையற்காரன் அடுக்களைக் கதவிடுக்கில் நின்று அதைக் கவனித்துவிட்டு முகம் வெளுத்து உள்ளே ஓடினான். அன்றிலிருந்து ஊருக்கெல்லாம் மொறுமொறுவென்று மீனும் நண்டும் போகிறது, எனக்கு மட்டும் மூடி போட்ட தட்டில் அவித்த உருளைக்கிழங்கும் அவித்த முட்டையும். மடியில் கனம் இருந்தால்தானே வழியில் பயம்? "எனக்கு மட்டும் எதுக்குப்பா மூடி?"ன்னு அவன்கிட்டயே கேட்டேன். "ஈ மொய்க்கக் கூடாதுல்ல சார். நீங்க யாருன்னு எங்களுக்குத் தெரியும் சார்"னு சிரிச்சான். நான் யாருன்னு நான் யார்கிட்டயும் சொல்லவே இல்லை மச்சான்.

அதையாவது பொறுத்துக்கொள்ளலாம். மூன்றாம் நாளிலிருந்து உங்கள் தங்கை "சும்மா காலாற நடந்துட்டு வரேன்"னு பத்து மணிக்குக் கிளம்புகிறாள், ஒரு மணிக்குத் திரும்புகிறாள். புடவை ஓரமெல்லாம் ஈரம், கூந்தலில் புகை வாசனை, உதட்டோரம் மிளகாய்ப்பொடி. மதியம் சாப்பிடக் கூப்பிட்டால் "பசிக்கலை"ங்கிறா. இத்தனை வருஷத்தில் அவள் வாயிலிருந்து அந்த வார்த்தை வந்ததே இல்லை. போதாக்குறைக்கு ஏதோ பாட்டை வேறு முணுமுணுக்கிறாள். என்னிடம் எதையும் மறைக்காதவள் மச்சான் அவள். எனக்குப் பயம் வந்துவிட்டது.

நேற்று பின்தொடர்ந்தேன். குடையை விரித்து முகத்தை மறைத்துக்கொண்டு போனால், பாழாய்ப் போன காற்று குடையைப் பிடுங்கிக்கொண்டு போய்விட்டது. அவள் திரும்புவதற்குள் கரையில் கிடந்த ஒரு படகுக்குள் குதித்துத் தார்ப்பாயை இழுத்து மூடிக்கொண்டேன். அதே படகை நாலு பேர் சேர்ந்து தண்ணிக்குள்ள தள்ளுவாங்கன்னு நான் என்ன ஜோசியமா பார்த்தேன்? மோட்டார் உறுமுது, படகு எகிறுது, தார்ப்பாய்க்குள்ள வலையும் நானும் உருளுறோம், சட்டைக் கையில ஒரு நண்டு வேற தொங்குது. தாங்க முடியாம தலையை வெளியே நீட்டினா, எதிர்ல மிதவைச் சட்டை மாட்டிக்கிட்டு உங்க தங்கச்சி! "குடை பறந்தப்பவே பார்த்துட்டேன். குனிஞ்சு உட்காருங்க, அலை வருது"ங்கிறா. நான் மூணு தடவை வாந்தி எடுத்தேன். அவ படகோட்டியை இன்னும் வேகமா போகச் சொல்றா.

கடலுக்கு நடுவே ஒரு மணல் திட்டு. அங்கே படகோட்டியின் மனைவி தேங்காய் மட்டை நெருப்பில் மீன் சுட்டுக்கொண்டிருந்தாள். உரிமம் இல்லை, கையுறை இல்லை. கேட்டால் "அதெல்லாம் எதுக்குங்க?" என்கிறாள். உங்கள் தங்கை ஆவி பறக்கப் பிய்த்து வாயில் போட்டாள். "இரு, நான் முதல்ல பார்க்கிறேன்"னு கையை நீட்டினேன். இலையைத் தன் பக்கம் இழுத்துக்கொண்டு அவள் சொன்னது அப்படியே இது: "கல்யாணமாகி வந்த நாள்லேருந்து நீங்க பார்த்து முடிச்ச ஆறின சோறுதான் தின்னிருக்கேன். மிச்ச காலமாவது சூடா சாப்பிடறேன். வேணும்னா நீங்க ஊருக்குப் போங்க, நான் வரலை."

இது அவள் பேச்சே இல்லை. யாரோ சொல்லிக் கொடுத்திருக்கிறார்கள். மீன் சுடுகிறவள் மேல்தான் எனக்குச் சந்தேகம், உங்கள் மேலும் கொஞ்சம். ஆகவே கடிதம் கண்டதும் விடுதிக்கு ஃபோன் போட்டு, உங்களுக்கு நெஞ்சுவலி என்று ஒரு வார்த்தை சொல்லுங்கள். அண்ணன் என்றால் அவளுக்கு உயிர், உடனே மூட்டை கட்டிவிடுவாள். அவள் வராமல் நான் தனியாக அந்த வீட்டுக்குப் போய் யார் சமைத்ததைச் சோதிப்பேன்?

பெரியவர்களுக்கு என் வணக்கம். பிள்ளைகளுக்கு ஆசியும், கடைப் பலகாரம் வேண்டாம் என்ற எச்சரிக்கையும்.

இப்படிக்கு,
பாசத்துடனும் சந்தேகத்துடனும்,
உங்கள் தங்கை கணவன்

பி.கு.: நெஞ்சுவலி வேண்டாம். உறையை ஒட்டப் போகும்போது அவள் இலையில் சுற்றிய மீனோடு வந்து, ஆளுக்குப் பாதியாக வைத்துவிட்டு எதிரில் உட்கார்ந்தாள். அவ்வளவு பேசியவள், கையை மடியில் வைத்துக்கொண்டு என் முகத்தையே பார்த்தாள். பழக்கதோஷம், என் தலையசைப்புக்குக் காத்திருக்கிறாள். இப்படித்தான் இத்தனை வருஷமும் காத்திருந்திருக்கிறாள், நான்தான் சோற்றைப் பார்த்தேனே தவிர அவளைப் பார்க்கவில்லை. முகராமல், திருப்பாமல் எடுத்து வாயில் போட்டுக்கொண்டேன். நாக்கு வெந்துவிட்டது. என்ன மீன் என்றுகூடக் கேட்கவில்லை. அறையை இன்னும் ஒரு வாரத்துக்குச் சொல்லியாகிவிட்டது, நாளை பத்து மணிக்குப் படகு. நீங்கள் ஃபோன் செய்தாலும் மோட்டார் சத்தத்தில் எங்களுக்குக் கேட்காது. நிஜமாகவே நெஞ்சு வலித்தால் தயவுசெய்து பக்கத்தில் ஒரு டாக்டரைப் பார்த்துக்கொள்ளுங்கள்.