ஆற்றிக் கொடுத்த ஒயின்

எதையும் ஆற்றிக் குடித்தால் உடம்புக்கு நல்லது என்று நம்பும் குடும்பம் எங்களுடையது. பால், காபி, கஷாயம் எதுவும் தப்பாது. நான் பிரான்ஸ் போகாததற்குக் காரணம் இந்த நம்பிக்கையும் என் மண்டைக்கனமும்தான்.

எண்பதுகளின் கடைசியில் ராஜபாளையத்தில் ஒரு நூல் மில்லில் மெயின்டனன்ஸ் செக்‌ஷனில் இருந்தேன். புது மெஷின் பூட்டுவதற்காகப் பிரான்சிலிருந்து லூக் என்ற இன்ஜினியர் வந்திருந்தார். ஆறு மாதப் பயிற்சிக்கு அவர் ஊருக்கு அனுப்ப எங்களில் ஒருவன் பெயரை அவர் எழுதிக் கொடுக்க வேண்டும். போட்டியில் நானும் தங்கவேலும். தங்கவேலுக்கு வேலை தெரியும், எனக்கு இங்கிலீஷ் தெரியும். எனக்குத்தான் என்று முடிவுகட்டி, கோட்டு மாட்டிப் பாஸ்போர்ட் போட்டோகூட எடுத்துவிட்டேன்.

ஸ்ரீவில்லிபுத்தூரில் அக்கா வீட்டுக்கு ஞாயிற்றுக்கிழமை மதியச் சாப்பாட்டுக்கு லூக்கை அழைத்தேன். (சோறு போட்டு ஆளை மடக்குவது எங்கள் பக்கத்து ராஜதந்திரம்.) முதல் நாளே அவர் ஒரு பாட்டிலைக் கொடுத்து, "ஃபிரிட்ஜில் வை, நான் வந்து திறக்கிறேன்" என்றார். நுரைக்கிற ஒயின், பன்னிரண்டு வருஷம் பழசாம். லேபிளைக் கையால் ஒட்டியிருந்தார்கள். பெரிய கம்பெனிப் பெயர் எதையும் காணோம். கஞ்சப்பயல், மலிவாக வாங்கியிருக்கிறான் என்று நினைத்தேன்.

விருந்துக்கு வருகிறவரை வேலை வாங்கலாமா? மரியாதை கருதி, அவர் வருமுன் நானே திறந்தேன். தக்கை பறந்துபோய் காலண்டரில் அடித்தது. நுரை என் சட்டையெல்லாம் வழிந்தது. ஒரு வாய் குடித்தேன். பேக்கரி வாசனை, வறுத்த முந்திரி மாதிரி ஏதோ ஒன்று, பின்னாலேயே புளிப்பு. முகத்தைச் சுளித்தேன்.

அக்கா முகர்ந்து பார்த்தாள். "ஏலே, புளிச்ச மாவு மாதிரில்லா பொங்குது. கெட்டுப்போச்சு."

"கேஸை எடுத்துட்டா சரியாயிரும் மாப்பிள, நல்லா ஆத்து" என்றார் அத்தான்.

இரண்டு செம்புகளை எடுத்து, கை எட்டும் உயரத்திலிருந்து இருபது தடவை ஆற்றினேன். கடைசிக் குமிழி சாகும்வரை விடவில்லை. புளிப்புக்கு இரண்டு ஸ்பூன் சீனி போட்டேன். பிறகு எவர்சில்வர் டம்ளர்களில் ஊற்றி வைத்தேன். (அடுத்த வீட்டு ஆச்சி எட்டிப் பார்த்தால் மோர் என்று சொல்லிக்கொள்ளலாம்.)

லூக் வந்தார். காலி பாட்டிலைப் பார்த்தார், டம்ளரைப் பார்த்தார். ஒரு மிடறு குடித்துவிட்டு இங்கிலீஷில் மெதுவாகச் சொன்னார். அவருடைய அப்பாவுக்கு மலைச்சரிவில் இரண்டு ஏக்கர் திராட்சை. பழத்தைக் கம்பெனிக்கு விற்காமல் தானே ஒயின் செய்து, வீட்டுக்கு அடியில் வருஷக்கணக்கில் கிடத்தி வைப்பார். அப்பாவும் மகனும் வருஷத்துக்கு ஒரு பழைய பாட்டிலைத் திறந்து, ஒரு மணி நேரம் உட்கார்ந்து குடிப்பார்களாம். முதல் கிளாஸில் ஆப்பிள் தெரியும், அடுத்ததில் ரொட்டி, கடைசியில் வறுத்த பருப்பு. பொடிப்பொடியாக ஏறும் அந்தக் குமிழிக்குத்தான் பன்னிரண்டு வருஷக் காத்திருப்பு. அப்பா இந்த வருஷம் இறந்துவிட்டார். அவர் கை பட்டதில் மிச்சம் இருந்தது இந்த ஒரு பாட்டில். தனியாகக் குடிக்க மனசு வரவில்லை.

வீட்டில் வேறு யாருக்கும் இங்கிலீஷ் தெரியாது.

"என்ன மாப்பிள சொல்லுதார்?" என்றார் அத்தான்.

"நல்லாருக்குன்னு சொல்லுதார்."

"அப்போ இன்னும் கொஞ்சம் ஊத்துலே" என்றாள் அக்கா.

ஊற்றினேன். அந்த மனிதர் அதையும் சொட்டு விடாமல் குடித்தார். கிளம்பும்போது தக்கையை மட்டும் கேட்டு வாங்கிச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டார். அதன்பின் என் டம்ளரைக் குடித்துப் பார்த்தேன். ஆறிய சீனித்தண்ணீர். நல்ல ஒயின் என் வாய்க்குள் வந்தது, திறந்ததும் குடித்த அந்த ஒரே ஒரு வாய்தான், அதற்கும் முகத்தைச் சுளித்திருக்கிறேன்.

தங்கவேல் பிரான்ஸ் போனான். ஒயினுக்காகவா, அவனுக்கு வேலை தெரியும் என்பதற்காகவா, கேட்க எனக்குத் தைரியமில்லை. லூக் கைப்பட எழுதிய பெயரை எங்கள் மேனேஜர் டைப் அடித்து அனுப்பினார், அவ்வளவுதான்.

இப்போதும் வீட்டில் யார் சோடா உடைத்தாலும், "மாமா, ஆத்தித் தரட்டா?" என்று அக்கா பிள்ளைகள் கேட்கும். எல்லோரும் சிரிப்பார்கள், நானும் சிரிப்பேன். அக்கா மட்டும் பாதிச் சிரிப்பில் கண்ணைத் துடைத்துக்கொள்வாள். "அந்த வெள்ளைக்காரரு நல்லாருக்குன்னு ரெண்டாந்தடவை வாங்கிக் குடிச்சாரு. மேனேஜருல்லா இவன் பேரை வெட்டிட்டாரு, வெளங்குவாரா அவரு" என்பாள். முப்பது வருஷமாக இந்தச் சாபம் ஓடுகிறது.

போன மாதம் மேனேஜர் இறந்துவிட்டார். சேதி கேட்டு, "எந் தம்பி வயித்துல அடிச்ச மனுசன்" என்றாள் அக்கா. நான் பூக்கடைக்குப் போய், இருந்ததிலேயே பெரிய மாலையாக வாங்கினேன்.